நம்ம ஊரில் சூடு எதற்கு?

வேகத்துக்கு ஆசைப்பட்டு, என் காரில் எஞ்சினுக்குப் பெட்ரோல் கலந்த காற்றைக் கொண்டுபோகும் குழாயைச் சிராங்கூன் சாலைப் பட்டறையில் மாற்றினேன். பழையது புகைக்குழாயை ஒட்டியிருந்து சூடாகும். புதியது தள்ளி நிற்கும். "நம்ம ஊர்ல சூடு எதுக்கு அண்ணே? வண்டி பறக்கும் லா," என்றார் மெக்கானிக். பறக்கத்தான் செய்தது.

டிசம்பரில் மனைவியோடு கேமரன் மலைக்குப் போனேன். காலைக் குளிரில், ஏற்றத்தில் எஞ்சின் இருமி நின்றது. எஞ்சின் நின்றதால் பிரேக் இறுகிச் சரியாகப் பிடிக்காமல், ஈரச் சாலையில் கார் மெல்லப் பள்ளத்தை நோக்கிப் பின்னால் உருண்டது. மனைவி குதித்திறங்கிச் சக்கரத்தடியில் கல்லைத் தள்ளினாள். பானட்டைத் திறந்து தொட்டேன். புதுக் குழாய் ஐஸாகச் சில்லிட்டிருந்தது. பழைய குழாயின் சூடு இல்லாமல் பெட்ரோல் ஆவியாகவே இல்லை.

இப்போது பழைய குழாய்தான். சக்கரத்தடியில் வைக்கக் காரில் ஒரு மரக்கட்டையும் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் தேக்கா சந்தைக்குக் கூப்பிட்டால்கூட, "நீங்க போங்க, நான் பஸ்ல வந்துடறேன்," என்கிறாள் மனைவி.