ஒரே தலையில் இரண்டு விதமான முடி

சீப்பில் சிக்கிய முடியைக் குப்பையில் போடப் போனவள், ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். யோசனை தோன்றியது அங்கேதான்.

கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு தாம்பரத்தில் ஒரு பார்லரில் சேர்ந்து அப்போது இரண்டு வருடம். நாற்காலியில் இருந்தவர் ஷைனி, சிறுசேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். பிறவியிலேயே சுருட்டை. காலேஜ் நாளிலிருந்து ஸ்ட்ரெய்ட்டனிங், வேரில் சுருட்டை முளைத்ததும் மறுபடி டச்-அப்.

"நாவலூர் ஃப்ளாட்ல போர் தண்ணி மீனா. கொத்து கொத்தா கொட்டுது. ஆனா வெட்டணும்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

வேரோடு கொட்டிய முடி என்றால் ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்கும். என் கையில் இருந்த எதிலும் அது இல்லை. எல்லாம் நடுவில் முறிந்தவை. புதிதாக வளர்ந்த சுருட்டையும் பழைய நேர்முடியும் சேரும் கோடுதான் பலவீனமான இடம். வண்டி ஓட்டும்போது ஹெல்மெட்டுக்காக அவர் ரப்பர் பேண்டை இறுக்கிப் போடுவதும் அங்கேயே. இன்னொரு டச்-அப்பில் க்ரீம் அந்தக் கோட்டைத் தாண்டிப் பட்டால், மிச்ச நீளமும் போய்விடும்.

ஓனர் கலா அக்காவிடம் சொன்னேன். "வேர்ல மட்டும் மைல்டு க்ரீம் வெச்சு, பாதியிலேயே கழுவிடலாம்க்கா. சுருள் லூஸாகும், முழுசா நேராகாது. டெக்ஸ்சரைசிங். கோட்டுல இழுப்பு குறையும்."

"இன்னாடி, பாதி வேலை பண்ணிட்டு அதுக்கு ஒரு பேரு வேறயா?" என்றார் அக்கா. ஆனால், வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதலில் கொஞ்சம் முடியை வெட்டி, க்ரீமுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த டெஸ்ட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார் ஷைனி. சர்ச்சிலிருந்து நேராக, வழியவழிய எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு. "துண்டு முடிதானே, அப்படியே பாரு" என்றார் அக்கா. வேர்ப்பக்கம் கொஞ்சம் வெட்டி க்ரீம் தடவினோம். சுருள் அசைய வெகுநேரம் ஆனது. நேரத்தை ஒரு டேப்பில் எழுதி, முடியையும் சேர்த்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஷாம்பூ போட்டு அலசி, பழைய முடியில் க்ரீம் படாதபடி கண்டிஷனர் பூசி மறைத்தேன். கிண்ணத்தில் க்ரீம் தயார். ஷைனி கண்ணாடியில் ஒட்டியிருந்த முடியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"மீனா, இதுல இன்னும் எண்ணெய் வாசம் வருது."

"ஆமா, அன்னைக்கு நீங்க வெச்சிருந்தீங்களே."

"இன்னைக்கு எண்ணெய் இல்லையே. டெஸ்ட் பண்ணது ஒரு கண்டிஷன்ல, லைவ் போறது வேற கண்டிஷன்லயா? எங்க ஆபீஸ்ல இப்படிப் பண்ணா மேனேஜர் கிழிச்சுடுவாரு."

ப்ரஷ் கையிலேயே நின்றது. எண்ணெய் முடியைச் சுற்றிப் படலம்போல இருந்து க்ரீமைத் தடுத்திருக்கிறது. மூன்று வருடம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

"வெளியே மூணு பேர் வெயிட்டிங்" என்றார் அக்கா.

"இருக்கட்டும்க்கா. இன்னொரு தடவை பாத்துடறேன்."

அலசிய முடியில் மறுபடி டெஸ்ட். டேப்பில் எழுதியதில் பாதி நேரம்கூட ஆகவில்லை, சுருள் தளர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன், இழுத்ததும் அறுந்தது. அக்கா அறுந்த முடியைப் பார்த்தார். பிறகு வெளியே போய், காத்திருந்தவர்களிடம், "ஒரு டீ குடிச்சுட்டு வாங்கம்மா, லேட்டாகும்" என்றார்.

புது நேரப்படி வைத்துக் கழுவினேன். வேர் அலை அலையாக நின்றது. சீப்பு கோட்டில் சிக்காமல் இறங்கியது. கோடு மறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரிந்தது, முறியவில்லை, அவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பிடரியில் ஒரு கொத்தை க்ரீம் படாமல் விட்டிருந்தேன். ஷைனி அதன் வேர்ப்பகுதியை இழுத்து விட்டார். ஸ்பிரிங் மாதிரி சுருண்டுகொண்டது. மறுபடி இழுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இத்தனை வருஷமா இதையா ஒளிச்சு வெச்சேன்?" என்றவர், பழைய நேர்முடியின் நுனியைத் தூக்கிக் காட்டி, "நுனியில ரெண்டு விரல் வெட்டிடுங்க. நானே சொல்றேன்" என்றார்.

இப்போதெல்லாம் டெஸ்ட்டுக்கு வருபவர்களை முதலில் தலை அலசும் பேசினுக்கு அழைத்துப் போய்விடுகிறேன். எந்த நிலையில் வேலை நடக்கப்போகிறதோ, அந்த நிலையில்தான் டெஸ்ட்.

அடுத்த முறை ஷைனிக்குப் பிடரி முழுவதையும் க்ரீம் இல்லாமல் விடப்போகிறோம். ஹெல்மெட்டுக்குள் அது என்ன ஆகிறது என்று டெஸ்ட் பண்ணிச் சொல்லும் வேலை அவருடையது.