சீர்த் தட்டில் தங்க மூடி ஸ்நோ

ஆர்.கே.பேட்டையில் என் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் நாலு பேர் கண்ணில் படவேண்டுமே என்று, திருவள்ளூர் ரயிலடியில் கூவி விற்றவனிடம் தங்க மூடி போட்ட ‘ஃபாரின்’ ஸ்நோ கிரீம் ஒன்று வாங்கினேன். கொள்ளை மலிவு. சபையே என் தட்டைத்தான் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஸ்நோவைப் பூசிய மறுநாள் பெண்ணின் முகம் வீங்கி, கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் தங்கை கேட்டாள்: “இன்னாண்ணா, நீ தட்டுக்கு வாங்கினியா, எம் பொண்ணு மூஞ்சிக்கு வாங்கினியா?”

நல்லவேளை, கண் தப்பியது. கன்னத்துக் கறுப்பு இன்னும் போகவில்லை.

இப்போதெல்லாம் எந்தச் சீருக்கும் எங்கள் வீட்டில் நாங்களே பூசிக்கொள்வதைத்தான் வைக்கிறேன். தட்டு எடுப்பாக இல்லை என்கிறார்கள். பூசிக்கொள்ளப் போவது தட்டு இல்லையே!