தண்ணீர் பட்ட திருநீறு

பவானேஸ்வரி திருநீற்றுத் தட்டைப் பிடித்து இழுத்தாள். பூசாரி விடவில்லை. இருவருக்கும் நடுவில் தட்டு ஆடி, வெள்ளைப் பொடியில் பாதி கருவறைப் படியில் கொட்டியது.

"யாரும் வாயில போடாதீங்க! கேரம் போர்டுல போடுற போரிக் பவுடர்லா இது!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குப் பின்னால் தங்கை கோமளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு மாதம். காலையில் அவள்தான் போன் செய்தாள்: "அக்கா, மாமா குடுத்த திருநீறு இருட்டுல மின்னுது, ஆனா கசக்குது. தினமும் தண்ணியில போட்டுக் குடிக்கச் சொன்னாரு." தான் குடியிருக்கும் பாச்சாங்கிலிருந்து ரெம்பியாத் தோட்டத்துக் கோவில் வரை பவானேஸ்வரிக்குக் கார் ஓட்டிய நினைவே இல்லை.

தாய்மாமன் புவனேஸ்வரன், கோவில் தலைவர், துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சந்நிதியில சத்தம் போடாதம்மா."

"எங்க வீட்டு அலமாரியிலேருந்து எடுத்தீங்களா இல்லையா?"

"எடுத்தேன். அம்பாளுக்குத்தானே எடுத்தேன்? உன் பேரச் சொல்லித்தான் குடுக்குறேன். பேரு வந்தா உனக்கும் கசக்குதா?"

இதே தோட்டத்தில் லாரி ஓட்டியவரின் மகள் அவள். டுரியான் துங்கால் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை. கண்ணுக்குத் தெரியாத கரித் துகள்களைச் செய்வாள். புற ஊதா விளக்கைக் காட்டி அணைத்தால் அவை சில நொடிகள் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். அந்த விளக்கில் சதையும் ஒளிரும், ஆனால் அணைத்ததுமே நின்றுவிடும். மிச்சம் நிற்கும் ஒளி துகளுடையது மட்டும்தான். உடம்புக்குள் கட்டி எங்கே என்று கேமரா தடுமாறாமல் பார்க்கலாம். ஒரே தொல்லை, தண்ணீர் பட்டால் துகள் அவிந்துவிடும். ஆய்வக எலிக்குச் செலுத்துவதற்கு மேலுறை போட்ட துகள் வேறு. தட்டில் இருக்கும் இந்தப் பொடி ஆரம்பத்தில் போரிக் அமிலத்தில் வைத்துச் செய்தது, தின்றால் விஷம். காய்ந்திருந்தால் அழகாக ஒளிரும், அவ்வளவுதான்.

கோமளாவின் வளைகாப்புக்கு அந்தப் பொடி இருந்த பாட்டிலைக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினாள். எதுக்கு இது என்று கேட்டார்கள். "உடம்புக்குள்ள போட்டு நோயப் பாக்குறதுக்கு" என்றாள். எலி உடம்பு என்று சொல்லியிருக்கலாம், பாட்டிலை வீட்டு அலமாரியில் விட்டுப்போகாமல் இருந்திருக்கலாம். மாமா காதில் விழுந்தது உடம்புக்குள்ளே என்பது மட்டும்.

"உடம்புக்குள்ள போடுறதுன்னு நீதானேம்மா சொன்ன?" என்றார் இப்போது. "மத்தவங்களுக்குத் திருநீத்துல கலந்துதான் குடுத்தேன். கோமளாவுக்குக் கலக்காம குடுத்தேன், வயித்துப் புள்ளைக்கு ஆகட்டும்னு."

அவர் அதைப் பெருமையாகச் சொன்னார்.

மாமா திரையை இழுத்தார். கருவறை இருண்டது. கள்ளநோட்டுப் பார்க்கும் டார்ச்சைத் தட்டில் அடித்து அணைத்தார். பொடி பச்சையாக ஒளிர்ந்து நின்றது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "தாயே" என்று ஒரு குரல் அழுதது.

"அம்பாளா இது? பாருங்க!" பவானேஸ்வரி தீர்த்தச் சொம்பை எடுத்துத் தட்டில் கவிழ்த்தாள். "இப்ப டார்ச்ச அடிங்க மாமா. அடிச்சு அணைங்க."

அவர் அடித்தார். அணைத்தார். ஒன்றும் நிற்கவில்லை.

வரிசையில் நின்ற பெத்தம்மாள் அத்தைதான் முதலில் வாய் திறந்தாள்.

"அடிப்பாவி! அம்மன அணைச்சிட்டியே!"

அதன்பிறகு எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். படிச்ச திமிர் என்றார்கள். தீட்டு என்றார்கள். போரிக் பவுடரைத் தின்றவர்களே அவளைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். பவானேஸ்வரியும் கத்தினாள், "தின்னது நீங்க, திட்டு எனக்கா?" அது யாருக்கும் கேட்கவில்லை.

கோமளா மட்டும் மாமா கொடுத்து இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள். பாதி காலியாக இருந்தது.

மறுநாள் இருவரும் அரசாங்க மருத்துவமனைக்குப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு சரியாக இருந்தது. அடுத்த வாரம் திரும்ப வரச் சொன்னார்கள். பவானேஸ்வரி பொட்டலத்தை ஆய்வகத்தில் ஒப்படைத்து, வெளியே கொண்டுபோனது தான்தான் என்று சொன்னாள். ரெம்பியாவில் கோவில் படியைக் கழுவிப் பரிகார பூஜை செய்தார்கள். எல்லாருக்கும் திருநீறு கொடுத்தார்கள்.