இன்னும் பத்து வோல்ட்

இடக்கையைக் கால்சட்டைப் பைக்குள் ஆழச் செருகிக்கொண்டு, வலக்கையில் மீட்டரின் முனையைப் பென்சில்போல் பிடித்து, திறந்து கிடக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்குள் குனிகிறார் எங்கள் மாடியில் குடியிருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இரு கைகளும் உள்ளே போனால் மின்சாரம் ஒன்றில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மற்றதில் இறங்கிவிடுமாம். "ஒரு கை வேலைக்கு, ஒரு கை வீட்டுக்கு" என்பார். அந்த வீட்டுக் கை பையை விட்டு வெளியே வந்து தாம் பார்த்ததில்லை என்பது அவர் மனைவியின் வாக்குமூலம்.

ஆம்ப்ளிஃபயர் அவருடைய மைத்துனனுடையது. வாத்தியக் குழுவில் இன்று மாலைதான் அவன் முதன்முறையாகத் தனித்து வாசிக்கப்போகிறான். வண்டி வாசலில் நிற்கிறது. "சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு, அத்தான்" என்று போன மாதம் வாய்தவறிச் சொன்னான், பிடித்தது சனி. உள்ளே குட்டி பல்புகள்போல் எரியும் பழைய வால்வுகளைப் பிடுங்கிப் பெரியவற்றைப் பொருத்தினார், டிரான்ஸ்ஃபார்மரையும் மாற்றினார். சத்தம் வந்தது. ஆனால் முன்வரிசைச் சிறு வால்வுகளுக்குப் போகும் வோல்ட்டேஜ் எகிறிவிட்டதாம். ரெசிஸ்டரை மாற்றி ஒன்றுக்குக் குறைத்தால் அடுத்ததற்கும் குறைகிறது; அதை உயர்த்தினால் இது ஏறுகிறது. "ஒண்ணைச் சமாதானம் பண்ணினா இன்னொண்ணு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குது!" பகலில் சரிசெய்தது பொழுது சாய்ந்ததும் கெடும், தெருவெல்லாம் விளக்கேற்றியதும் வீட்டுக்கு வரும் மின்சாரமே இறங்கிவிடுகிறது. அதற்கும் ஈடுகட்டுவார். மறுநாள் பகலில் அதை அவிழ்ப்பார்.

கடையிலும் இதே கதைதான். சோதனை வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்ற பதிலை அவர் இதுவரை யாரிடமிருந்தும் ஏற்றுக்கொண்டதில்லை.

"இப்ப வாசி, மாப்ளே."

வாசித்தான்.

"முன்னாடி நல்லாருந்துச்சா, இப்பவா?"

"ரெண்டும் ஒண்ணுதான், அத்தான். வண்டி நிக்குது!"

"அதெப்படி ஒண்ணா இருக்கும்? பத்து வோல்ட் இறக்கியிருக்கேன். இன்னும் ஒரு பத்து இறக்கிட்டா..."

"அவன் அங்க போய் வோல்ட்டையா வாசிக்கப் போறான்?" என்று கேட்டபடி உள்ளே வந்த மனைவி, சுவிட்சை அணைத்துவிட்டு மூடியைக் கையிலெடுத்தார்.

"தொடாதே! அணைச்சாலும் உள்ள இருக்கிற கரண்ட் உடனே தூங்காது."

"நானுந்தான் ஒரு மாசமாத் தூங்கல."

அவர் பதறிக்கொண்டு மிச்ச மின்சாரத்தை வடித்தார். அடுத்த கணம் அந்த அம்மாள் தாமே மூடியைப் பொருத்தி, திருகுகளை இறுக்கி, திருப்புளியைத் தம் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

புறப்படுமுன் ஒரே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மைத்துனன் இணைப்பைக் கொடுத்தான். வால்வுகள் சூடேறியதும் கம்பிகளை மீட்டினான். அறை நிறைந்து வழிந்தது. வாசலில் அலுத்துப்போயிருந்த வண்டிக்காரர்கூடத் தலையாட்டினார். கண்ணாடிக் கடைக்காரர் கண்களை மூடிக் கேட்டார். தலையைச் சற்றே சாய்த்தார்.

"அருமை, மாப்ளே. எடுத்துட்டுக் கிளம்பு" என்றார்.

சொல்லும்போதே அவருடைய இடக்கை மெல்லப் பைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.