சர்வைவ்ட் பை: நில்

எங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் ஒருவர் தவறிவிட்டால் முதல் ஃபோன் டாக்டருக்குப் போகும், அடுத்தது ஐஸ் பெட்டிக்காரருக்கு, அதற்கடுத்தது எனக்கு. தமிழில் கண்ணீர் அஞ்சலி அடிக்க ஃப்ளெக்ஸ் கடை இருக்கிறது. படத்தைக் கொடுத்தால் போதும், எந்த மலை சரிந்தது என்பதைக் கடைக்காரரே முடிவு செய்துகொள்வார். ஆனால் எல்லோருடைய பிள்ளைகளும் சிங்கப்பூரிலும் டெக்சாஸிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய முகநூலுக்கும் அலுவலகத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு பத்து வரி வேண்டும். அந்தப் பத்து வரி என் இலாகா.

நான் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் டாக்குமென்டேஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். சரக்கு கப்பலேறும் முன்னால் காகிதம் தயாராக வேண்டும் என்பது என் தொழிலின் சட்டம். வெளிநாட்டு வங்கியின் கடிதத்தில் 'டி' என்ற எழுத்துக்கும் 'ஷர்ட்' என்ற சொல்லுக்கும் நடுவே ஒரு சின்னக் கோடு இருந்து, எங்கள் இன்வாய்ஸில் அது விட்டுப்போயிருந்தால், 'டிஸ்க்ரெபன்சி' என்று சொல்லி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படிப் பழகியவனுக்கு, மனிதன் செத்த பிறகும் கோட்டை விட மனம் வருவதில்லை.

இந்த விஷயத்தில் எங்கள் கம்பெனியின் ஆங்கிலம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கம்பெனியைத் தொடங்கிய பெரியவர் ஒரு நாள் காலையில் இறந்துபோனார். அன்று மதியம் அவரோடு, எங்களிடம் சரக்கு வாங்கும் ஐரோப்பிய பையர் ஒருவர் வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் பெண் அழுதுகொண்டே மெயில் தட்டிவிட்டாள்: 'ஸாரி, சேர்மன் இஸ் லேட்.' உடனே பதில் வந்தது. பரவாயில்லை, நாங்கள் காத்திருக்கிறோம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை. சொன்னபடியே காத்திருந்தார்கள். பெயருக்கு முன்னால் ஒட்ட வேண்டிய சொல் பெயருக்குப் பின்னால் போனதில் பெரியவர் எழுந்து வழியில் வந்துகொண்டிருந்தார். அந்தப் பெண்ணையும் குற்றம் சொல்ல முடியாது. திருப்பூரில் லேட் என்றால் ஒரே பொருள்தான். கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும், அந்த வருட லாபமும் அதிலேயே ஏறிப் போய்விடும்.

'லெகசி' என்ற சொல்லுக்கு வந்த கதி இன்னும் மோசம். உயில் வழியாக ஒருவருக்கு வந்து சேருவது என்று அகராதி சொல்கிறது. எங்கள் ஊரில் அது ஜட்டிப் பெட்டியின் மேல் தங்க எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அப்பாவின் நாற்காலியில் மகன் உட்கார்ந்த மறுநாள், லெகசி தொடர்கிறது என்று கம்பெனி கேட்டில் பேனர் தொங்குகிறது. கம்ப்யூட்டர் பிரிவில் அதற்கு வேறு பொருள்: பழைய சாஃப்ட்வேர், யாருக்கும் புரியாது, நிறுத்தவும் பயம். என் கடைசி வருடங்களில் அவர்கள் புது ஆட்களிடம் என்னைக் காட்டி, "இவருதானுங்க எங்க லெகசி சிஸ்டம்" என்பார்கள். அந்தச் சொல்லை இவ்வளவு சரியாகப் பயன்படுத்தி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் ஓய்வு பெற்றதும் அந்த சிஸ்டம் நின்றது. கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை.

துக்க வீட்டுக்குப் போனால் நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து விவரம் கேட்பேன். 'ரிமெம்பர்ட் ஃபார்' என்று எழுத ஒரு காரணம் வேண்டும், 'ரிமெம்பர்ட் பை' என்று எழுத ஆள் வேண்டும். காரணம் கிடைப்பதுதான் கஷ்டம். போன மாதம் சாயப்பட்டறை வைத்திருந்த எங்கள் குழுக்காரர் ஒருவர் காலமானார். அவர் மனைவியிடம், "அவர எதுக்காக எல்லாரும் ஞாபகம் வெச்சிருப்பாங்கன்னு எழுதட்டுங்க?" என்று கேட்டேன்.

"சத்தத்துக்குத்தானுங்க. ஒருக்காக் கூப்புட்டாருன்னா அடுத்த வீதி நாய் எந்திரிச்சு ஓடும்" என்றார் அந்த அம்மாள்.

பக்கத்தில் இருந்த நாத்தனார் மூக்கைச் சிந்திவிட்டு, "எங்கண்ணன் கையும் இறுக்கமுங்க. பட்டறையில டீ வாங்கோணும்னாலும் ஆள எண்ணிட்டுத்தான் காசு குடுக்கும்" என்றார்.

"தலைமாட்டுல உக்காந்துட்டுப் பேசற பேச்சா இது? நெசந்தான். ஆனா அதைய எழுதிப்போடாதீங்க சாமி" என்றார் மனைவி.

எழுதவில்லை. சத்தத்தை உறுதியான கொள்கைகள் ஆக்கினேன், இறுக்கத்தை எளிய வாழ்க்கை ஆக்கினேன். ஆங்கிலத்தில் இந்த வசதி தாராளமாக உண்டு. தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் 'பிரைவேட் பர்சன்' ஆகிவிடுவார். சிங்கப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டு, "அப்பாவ அப்படியே எழுதிட்டீங்க அங்கிள்" என்று அழுதான்.

கடைசி வரிக்கு மட்டும் இந்த வித்தை எதுவும் செல்லாது. இவருக்கு மனைவியும் இரண்டு மகன்களும் உள்ளனர் என்று நாம் சொல்வதை ஆங்கிலம் 'சர்வைவ்ட் பை' என்கிறது. ஏதோ பஸ் கவிழ்ந்து இவர்கள் மட்டும் உயிர் தப்பிய மாதிரி. அந்தச் சொல்லை நான் பல காலம் கேலி செய்திருக்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன் என் மனைவிக்கு அந்தப் பத்து வரியை எழுதியபோது கேலி வரவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. 'பை' என்பதற்குப் பின்னால் கணவர் என்று ஒரே ஒரு ஆள். பஸ் கவிழ்ந்ததும் உண்மை, நான் வெளியே வந்து நின்றதும் உண்மை என்று அப்போதுதான் தெரிந்தது.

சாயப்பட்டறைக்காரரின் காரியம் முடிந்த வாரம், நடை முடித்துவிட்டு வழக்கம்போல பேக்கரியில் டீக்கு நின்றோம். எங்கள் குழுவின் செயலாளர் முன்பு பவர் டேபிள் நடத்தியவர், கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்தவர். இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். அவர் என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"ஏனுங்க சார், ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"எல்லாருக்கும் நீங்க எழுதறீங்க. உங்களுக்கு ஆருங்க எழுதறது?"

பெஞ்சில் இருந்த மளிகைக்கடைக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்ப்பா, விடிஞ்சதும் விடியாததுமா மனுசன ஏத்தி அனுப்பறியே."

"இல்லீங்க, நம்ம குரூப்புல வேற ஆருக்கு இங்கிலீசு வருது? என்னையச் சொன்னா 'சார் நோ மோர்'னு ரண்டு வார்த்தைல முடிச்சிருவனுங்க. சாரே எழுதிக் குடுத்துட்டாருன்னா நான் தேதிய மட்டும் போட்டுக்குவேன்."

"தேதி தெரிஞ்சா அதையும் நானே போட்டுக் குடுத்தர்றனுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் கேட்டது நடைமுறைப்படி சரி. சரக்குக்கு முன்னால் காகிதம் என்று ஆயுள் முழுக்கச் சொன்னவன் நான். மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

பிறந்தது உடுமலைப் பக்கம், படிப்பு, வேலை எல்லாம் சுலபமாக வந்தன. 'ரிமெம்பர்ட் ஃபார்' வந்ததும் நானே எனக்குத் துக்க வீட்டு நாத்தனார் ஆனேன். எதை எடுத்தாலும் நொட்டை சொல்லுவார் என்பது பொது அபிப்பிராயம். துல்லியத்துக்குப் பேர்போனவர் என்று எழுதினேன். பிறகு கடைசி வரி. 'சர்வைவ்ட் பை' என்று அடித்துவிட்டு நிறுத்தினேன்.

மடத்துக்குளத்தில் மனைவியின் அண்ணன் மகன் இருக்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூப்பிடுவார், நல்ல மனிதர். அவரை அந்த இடத்தில் எழுதினால் அது இரங்கல் குறிப்பாக இருக்காது, பொறுப்பை ஒப்படைக்கும் கடிதமாகிவிடும். அந்த வரியையே விட்டுவிடலாம். ஆனால் மற்றவர்கள் குறிப்பில் அது இல்லையென்றால் முதலில் கண்டுபிடிப்பவன் நான்தான். காலியாக விடுவதும் முறையில்லை. படிவத்தில் எழுத ஒன்றுமில்லாத இடத்தில் 'நில்' என்று போட வேண்டும், வெற்றிடம் கூடாது என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். போட்டுப் பார்த்தேன். சர்வைவ்ட் பை: நில்.

ஒன்றுமில்லை என்பதற்கான ஆங்கிலச் சொல். அதையே தமிழ் எழுத்தில் நினைத்துப் பார்த்தபோது, போகிற யாரையோ கூப்பிட்டு நிறுத்துகிற மாதிரி இருந்தது. நிறுத்த வேண்டிய ஆள் நான்கு வருடத்துக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

கீழ் போர்ஷனில் குடியிருக்கும் வடநாட்டுப் பையன்கள் ஷிஃப்ட் முடிந்து வந்துவிட்டார்கள். ஒவ்வொருவனும் தன் ஊருக்கு வீடியோ போட்டுக் கத்திப் பேசினான். எனக்கு இந்தி வராது. ஆனாலும் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. திரையில் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

இலக்கணம் என்னை எப்போதும் கைவிட்டதில்லை. 'பை' என்ற அந்தச் சின்னச் சொல்லுக்குப் பின்னால் ஆள்தான் வர வேண்டும் என்று இல்லை, கால அளவும் வரலாம். ஒருவருக்குப் பிறகு இன்னொருவர் இத்தனை வருடம் உயிரோடு இருந்தார் என்பதற்கும் அதே சொற்கள்தான். வாக்கியத்தைத் திருப்பிப் போட்டேன். 'ஹி சர்வைவ்ட் ஹிஸ் வைஃப் பை', பிறகு ஒரு சின்ன இடைவெளி, பிறகு 'இயர்ஸ்'. மனைவிக்குப் பின் இவர் இத்தனை வருடம் இருந்தார். யாரும் தேவையில்லை, ஓர் எண் போதும். அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மறுநாள் பேக்கரியில் செயலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"நல்லா இருக்குதுங்க. இங்க மட்டும் ஒரு எடம் காலியாக் கெடக்குதுங்களே?"

"அது வருசமுங்க. எங்க ஊட்டுக்காரி போனதுல இருந்து கணக்கு. அன்னைக்கு நீங்கதான் போடோணும்."

அவர் அந்த இடைவெளியின் மேல் விரலை வைத்தார். பிறகு, "இப்பத்திக்கு நாலுங்களா?" என்றார்.

"நாலு ஆச்சுங்க."

பேக்கரிக்காரரிடம் பென்சில் வாங்கி, அந்த இடத்தில் மெல்ல நாலு என்று போட்டார். "வருசா வருசம் உங்க ஊட்டு அம்மாவோட திதி அன்னிக்கு அழிச்சு மாத்திக்கறனுங்க. எனக்கு முந்தி நடந்துருச்சுன்னா மளிகைக்காரருகிட்டக் குடுத்துட்டுப் போறேன்."

"மெதுவா மாத்துங்க. லேட்டாவே மாத்துங்க" என்றேன்.

"ஆமாங்க, லேட்டாவே ஆகட்டுங்க சார்" என்றார் அவர். அவருக்கு அதில் சிலேடை எதுவும் தெரியவில்லை. தாளை மடித்து, மாத்திரை வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். என்னிடம் இருக்கும் பிரதியில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. நாலு என்று அடிக்கக் கையைக் கொண்டுபோனேன், பிறகு அப்படியே மூடிவிட்டேன். இந்தப் பக்கத்தில் எண்ணிக்கை போடும் வேலை என்னுடையது அல்ல.