விற்றுத் தீர்ந்த ஐந்தாம் பாகம்

ஐந்தாம் பாகத்தில் ஒரு பிரதிகூட இல்லை என்று தெரிந்தபோது தீபாவளிக்கு எட்டு நாள்தான் இருந்தது. கிடங்கில் பிரித்துப்போட்ட மூட்டைகளுக்கு நடுவே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

திருப்பூரில் எங்கள் அச்சகத்துக்குச் சோறு போட்டது பனியன் பெட்டி லேபிள். முதலாளி நாச்சிமுத்து அண்ணனுக்கு ஆசையெல்லாம் சித்திரக்கதை மேல். மாதம் ஒரு புத்தகம், முப்பத்திரண்டு பக்கம். ஆறு மாதத்தில் ஒரு கதை முடியும். பைண்டிங் பிரிவு என் பொறுப்பு. ரிட்டர்ன் கிடங்கின் சாவியும் என்னிடம்தான்.

நாங்கள் தொகுப்பு போட்ட விதத்தை இன்று பைண்டிங் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். அதற்கென்று தனியாக எதுவும் அச்சடிக்க மாட்டோம். ஏஜெண்டுகள் விற்காமல் திருப்பி அனுப்பிய புத்தகங்களின் கம்பிப் பின்னைக் கழற்றி, ஆறு பாகத்தையும் அடுக்கித் தைத்து, புது அட்டை ஒட்டுவோம். ரிட்டர்ன் வந்து சேர்ந்த பிறகுதான் தொகுப்புக்கு நாள் குறிக்க முடியும்.

அந்த வருடம் அண்ணன் தீபாவளிக்கு நாள் குறித்தார். "தொகுப்பாச்சும் போகோணும் அம்மிணி. இல்லீன்னா பொஸ்தகத்தையே நிறுத்திப்போடலாம். ஊட்டுல பேச்சு வாங்கி முடியல. ரிட்டர்ன் எல்லாம் இருக்குதுல்ல?"

"இருக்குதுங்கண்ணா" என்றேன். மூட்டைகளை எண்ணினேனே ஒழிய எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. தீபாவளிக்குத் தொகுப்பு என்று கடைகளுக்கு விளம்பர நோட்டீஸும் போய்விட்டது. புத்தகம் நின்றால் எனக்கு மிச்சம் லேபிள் வெட்டுவது மட்டும்தான்.

அன்று கிடங்கிலிருந்து வந்து விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் முகம் மலர்ந்தது. "அஞ்சாவது முழுசா வித்துப்போச்சா? நம்ம பொஸ்தகமா?" என்று கையைத் தட்டிச் சிரித்தார். பாதிச் சிரிப்பில் நிலைமை உறைத்து அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். திரும்ப அச்சடிக்க பிளாக்குகள் பத்திரமாக இருந்தன, காகிதமும் இருந்தது. இருந்த ஒரே மிஷின் மட்டும் தீபாவளி வரை வரிசையாகக் கம்பெனிகளின் லேபிளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து பனியன் கம்பெனி சின்னச்சாமி உள்ளே வந்தார். மறுநாள் மிஷின் அவருடைய லேபிளுக்கு. "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள லேபிள் வந்துருமில்லீங்க? பெட்டியெல்லாம் மொட்டையா நிக்குது" என்று சத்தம் போட்டவர், எங்கள் முகத்தைப் பார்த்து, "ஏனுங்க, இழவு ஊடாட்ட உக்காந்திருக்கறீங்க?" என்றார்.

சொன்னேன். மனிதர் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

"அந்த அஞ்சாவது எனக்கும் கெடைக்கலீங்க அம்மிணி. ஸ்டேஷன் கடையில இல்ல, ஊத்துக்குளில மச்சாங்கிட்டயும் இல்ல. நாலாவதுல நம்ம நாயகனைக் கெணத்துல எறக்கிக் கயித்தை அறுத்துட்டானுங்க. ஆறாவதுல குதிரையில போறான். எப்படித்தான் மேல வந்தான்?"

எனக்குத் தெரியும். சொல்வேனா? "அச்சடிச்சாத்தானுங்க தெரியும்" என்றேன்.

கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "லேபிள் நாளான்னிக்கு இருக்கட்டும். நாளைக்கு மிஷினை இதுக்கு உடுங்க. பெட்டி ஒரு நாள் பொறுக்கும்."

மறுநாள் காலை மிஷின் ஓடத் தொடங்கும் முன்பே வந்து நின்றார். விழுந்த முதல் தாளை ஈர மையோடு பிடுங்கினார். தாளின் ஒரு முகத்தில் ஒன்று, நாலு, ஐந்து, எட்டு என்று தாவித்தாவித்தான் பக்கம் வரும். இடைப்பட்டவை மறு முகத்தில். ஒன்றாம் பக்கத்தில் நாயகன் கிணற்றில் தத்தளிக்கிறான். நாலாம் பக்கத்தில் சொட்டச் சொட்டக் கரையில் நிற்கிறான்.

"ரெண்டும் மூணும் எங்கீங்க?"

"பின்னாடி வருமுங்க. மை காஞ்சு, தாளைத் திருப்பி ஓட்டோணும்."

மதியம் வரை அவர் சாப்பிடவும் போகவில்லை. தாள் மறுபடி ஏறி, ரெண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் விழுந்ததும் அச்சகமே அதிரக் கத்தினார்: "அட, மாடு பூட்டித் தண்ணி எறைக்கிற சால் வாளியிலயே உக்காந்து மேல வந்துட்டான் பாருங்க! எங்க தோட்டத்துலயும் அதே சால்தானுங்க, எனக்குத் தோணலையே!" மிஷின்மேன் சிரித்த சிரிப்பில் தாள் கோணலாக ஏறி நாலைந்து வீணாயின. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு தொகுப்பு வெளியானது. பண்டிகைக்குள் கட்டுகள் எல்லாம் காலி. புத்தகத்தை நிறுத்தும் பேச்சு அத்தோடு ஒழிந்தது. அடுத்த கதையின் முதல் மாதத்திலிருந்தே தொகுப்புக்கென்று கூடுதல் தாள் அடித்துத் தனியாகக் கட்டி வைத்தோம்.

மூட்டையைப் பிரித்துப் பார்க்காதது என் தப்பு, அதை மறைக்கவில்லை. ஆனால் பெரிய தப்பை நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்திருந்தோம். நம் புத்தகம் எப்படியும் மிஞ்சும் என்று நம்பித்தான் தொகுப்புக்கு நாளே குறித்தோம். ஊரில் ஒரு மனுஷன் அதைக் கடை கடையாகத் தேடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.