ஜெபகனியின் முக்காட்டு லேஸ்

கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஜெபகனி பின்னிய லேஸை மறுபடியும் அவிழ்த்துப் போட்டாள்.

ஆம்பூரை ஒட்டிய ஷூ கம்பெனியில் சாம்பிள் தைப்பவள் அவள். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. கணவன் சாந்தகுமார் ஹைவேயில் லாரி மோதி இறந்து சில வருஷம் ஆகிறது. இப்போது ராணிப்பேட்டை ஜோஸைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தாள். அவரும் மனைவியை இழந்தவர். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. மாதா கோவிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையும் வாசித்துவிட்டார்கள். கான்வென்ட் விடுதியில் கற்ற லேஸ் பின்னல் கையில் இன்னும் இருக்கிறதே என்று, கல்யாண முக்காட்டின் ஓரத்தைத் தானே போடுவதாக வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். அதுதான் வினையாகப் போனது.

கெட்டியான தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றிப் போடும் வேலை அது. கம்பெனியிலிருந்த மெழுகு பூசிய லினன் நூல் ஷூவுக்குத்தான் லாயக்கு, முக்காட்டில் கயிறாகத் தெரிந்தது. சென்னையிலிருந்து மெல்லிய வெள்ளை லினன் வரவழைத்தாள். விசிறிக் காற்றில் காய்ந்து பட்பட்டென்று அறுந்தது. ஈரத்துணியால் தொட்டுக்கொண்டே பின்னினால் அறாது. ஆனால் லினனோடு சேர்த்துப் பின்னும் பொன் ஜரிகை ஈரம் பட்டுக் கறுத்துவிட்டால்? விசிறியை நிறுத்தினாள். விரலெல்லாம் வேர்வை. கறுக்காத பிளாஸ்டிக் ஜரிகையை வைத்துப் பார்த்தாள், பொம்மைக் கடை மினுமினுப்பு. நல்ல ஜரிகையோ முறுக்க முறுக்க மேல்தகடு உரிந்து உள்நூல் பல்லிளித்தது. சோறு அடுப்பில் இருக்கும்போதும் எழுந்து எழுந்து வந்து தலையணையைப் பார்த்தாள். உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை.

பக்கத்து மெஷின் அம்பரீனைக் கூட்டிக்கொண்டு ஆரணிக்குப் போனாள். கடைக்காரர் எடுத்துப்போட்ட ஜரிகைக் கண்டுகளையெல்லாம் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒன்று ஜாஸ்தி சிவப்பு, ஒன்று கம்மி பளபளப்பு. கடைசியில் வெறுங்கையோடு பஸ் ஏறினாள்.

ஊர் நெருங்கும்போது அம்பரீன் கேட்டாள்:

"இன்னாடி, நூலு புடிக்கலையா, மாப்ள புடிக்கலையா?"

பஸ் நின்றதும் ஜெபகனி முதல் ஆளாக இறங்கி நடந்தாள்.

அம்பரீன் என்ன சொல்லி வைத்தாளோ, மறுவாரம் ஜோஸ் வந்தார். அறுந்த நூல்களை ஒதுக்கிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு வேணாம்னா சொல்லிடுங்க. எங்க வீட்ல நான் பேசிக்கறேன்."

"வேணாம்னு இல்ல," என்றாள். "இந்த தடவ ஒரு குறையும் இருக்கக் கூடாதுன்னு பார்க்கறேன். ஆனா போன தடவயும் ஒரு குறையும் இல்லையே. அப்படியும் போய்ட்டாரே."

ஜோஸ் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தாள். அவரோ தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றார். காபியைக் குடித்துவிட்டு, கல்யாணத் தேதியைப் பற்றி எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

அவர் போன பிறகு அவள் அழுதாள். அழுது முடித்து, சென்னைப் பார்சலில் வெள்ளையோடு வந்து, பிரிக்காமலே கிடந்த இன்னொரு கண்டை எடுத்தாள். வெளுக்காத லினன், வைக்கோல் நிறம். கல்யாணத்துக்கு இது பழசாகத் தெரியும் என்று ஒதுக்கியிருந்தாள். முன்பே வாங்கி வைத்திருந்த நல்ல ஜரிகையை அதன்மேல் வைத்தாள். வெள்ளையின் பக்கத்தில் முறைத்துக்கொண்டு நின்ற பொன் இதில் அடங்கி உட்கார்ந்தது. ஜரிகையை முறுக்கவே வேண்டாம் என்றும் அப்போதுதான் தோன்றியது. லினனிலேயே பூவைப் பின்னி, பூவின் ஓரத்தில் மட்டும் ஜரிகையைச் சும்மா ஓடவிட்டாள். உரியவில்லை.

பயம் போய்விடவில்லை. குச்சிகளைப் போடும்போதும் லாரிச் சத்தம் கேட்டால் கை நின்றது. நின்று, மறுபடி ஓடியது. போட்டதை அவிழ்க்காமல் மட்டும் இருந்தாள்.

கல்யாணத்தன்று லேஸ் முக்காட்டின் முன்பக்கத்துக்குத்தான் போதுமாக இருந்தது. பின்னால் வெறும் விளிம்பு. இரண்டு இடத்தில் ஜரிகை லேசாகக் கறுத்தும் இருந்தது. பீடத்தின் முன் நின்றபோது அவள் விரல் தானாகக் கறுத்த இடத்தைத் தேடிப் போவதை ஜோஸ் பார்த்தார்; அவரும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டுதான் இருந்தார். சாமியார் கேட்டதற்கு ஜெபகனி "சம்மதம்" என்றாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அம்பரீனுக்கும் அது தெளிவாகக் கேட்டது.